ஒரு பக்கம் பத்து ரூபா

கச்சேரி வாசலுக்கு எதிர்ப்பக்கம்
ஒரு போட்டோக் கொப்பி மெசின், ஒரு மின்விசிறி, நான்.
திருகோணமலைப் பட்டதாரிகளை
முகத்தால் எனக்கு அவ்வளவாகத் தெரியாது,
சான்றிதழ் கசங்கிய மூலையால் தெரியும்.

றிஸ்மியா, கிண்ணியா. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
வலது ஓரத்தில் தேநீர்க் கறை.
சுகிர்தராஜ், மூதூர். சாதாரண சித்தி.
லமினேட் செய்து வெயிலில் வைத்ததில் நெளிந்துபோனது.
பொருளியல் படித்தவன்,
மிச்சக் காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போவான்.

எனக்கு இசட் புள்ளி காணாது.
பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று.
அவ்வளவு சின்ன இலக்கத்தை
இந்த மெசினில் எவ்வளவு பெருப்பித்தாலும்
கண்ணுக்குத் தெரியாது.
அம்மாவுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்த வருசம் வீதியோரம் கொட்டில் போட்டு
வேலை கேட்டு இருந்தார்கள்.
நாள் எண்ணும் பலகைக்கு இலக்கம் அச்சடிக்க
தினம் காலையில் ஒருத்தி வருவாள்.
அறுபத்து நான்கு. அறுபத்தைந்து.
அறுபத்தாறாம் நாள் காசில்லை என்றாள்.
அறுபத்தேழாம் நாள் நான் கேட்கவில்லை.
நூற்றுப் பதினெட்டில் அவளுக்கும் சேர்த்து
சோற்றுப் பார்சல் எடுத்து வந்தேன்.

கோகுலவாணி. புவியியல்.
கல்யாணக் காட்டில் அவள் பெயருக்குப் பின்னால் பீ.ஏ.
என் பெயருக்குப் பின்னால்
ஒரு முற்றுப்புள்ளி.

பிறகு வேலை வந்தது,
அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று.
ஏழு பேருக்கு ஒரு மேசை, நாலு கதிரை.
எட்டேகாலுக்கு ஒரு கையெழுத்து,
நாலேகாலுக்கு இன்னொன்று.
பின்னேரம் வந்து சொல்லுவாள்:
"இண்டைக்குக் கதிரை கிடைச்சது."

ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கிய மான் ஒன்று
கடைக்குள் தலையை நீட்டி
சுகிர்தராஜின் பிரதிகளைத் தின்றுவிட்டது.
சமாதான நீதவான் கையெழுத்தையும் சேர்த்து.
நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.
அவன் சிரித்தான்:
"விடுங்கோ அண்ணே,
என்ட டிகிரியை முழுசா எடுத்துக்கொண்ட
முதல் ஆள் இதுதான்."

போன ஆவணியில், உப்புவெளியில்,
எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் கரித்தன.
இன்னும் ஆழமாக வெட்ட ஆள் பிடித்தார்கள்.
இவள் ஓடிப்போய்
பழுதான கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில்
கோடு கீறிக் காட்டினாள்:
மேலே மிதப்பது நல்ல தண்ணி, கீழே கடல்.
ஹோட்டல் பம்ப் மேலே உள்ளதை உறிஞ்ச
கடல் ஏறி வருகிறது.
ஆழம் போனால் இன்னும் உப்புத்தான்.
"ஆர் சொன்னது?" என்றார்கள்.
"படிச்சது" என்றாள்.

வெட்டினார்கள்.
இரண்டாம் நாள் வாளியில் வந்த தண்ணீரை
வாயில் வைத்துத் துப்பினார்கள்.
ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.
அவளும் ஒன்றும் சொல்லாமல்
கொடியில் உடுப்பெடுக்கப் போனாள்.

நாலு வருசம், விடுதிக் காசு, அப்பாவின் எஞ்சின் வள்ளம்,
எல்லாம் அந்தக் கிணற்றின் அடியில்
சரியாகத்தான் இருந்தது.
சரியாக இருந்து என்ன செய்ய
என்று நினைத்தபடி கடை பூட்ட வந்தவன்,
பூட்டவில்லை.

அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துவந்த
அவளுடைய ஆய்வேட்டை மெசினில் வைத்தேன்.
ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, முதுகைக் கரையான் தொட்டிருந்தது.
எண்பத்து நாலு பக்கம்.
நாற்பத்தோராம் பக்கத்தில்
எங்கள் ஒழுங்கையின் பெயர் இருந்தது.
மெசினை நிறுத்திவிட்டு
விளங்காத சொற்களையும் விடாமல் வாசித்தேன்.
போன் அடித்தது. "சாப்பாடு ஆறுது" என்றாள்.

எண்ணூற்று நாற்பது ரூபா.
கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.
யாருடைய கணக்கில் என்ற இடத்தை மட்டும்
இன்னும் நிரப்பவில்லை.